வாசிக்காத இடத்தில் எழுத்தை நிரப்பாதீர்கள்

பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி ஒருவர் சென்ற வாரம் டெங்கு வைரஸின் மரபணுத் தொடர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மரபணுவின் வேதி எழுத்துகள் சுமார் 10,700, ஓர் இடம்கூடக் காலியில்லை. "முழுமையாக வந்துவிட்டது, மேடம்" என்றார் மகிழ்ச்சியாக. அந்த மாதிரியின் சிடி மதிப்பு 34. பிசிஆர் சோதனையில் வைரஸ் தென்பட எத்தனை சுற்றுப் பெருக்கம் தேவைப்பட்டது என்ற எண் அது; எண் கூடினால் வைரஸ் குறைவு. வைரஸ் அவ்வளவு குறைவாக இருந்த மாதிரியில் ஓட்டையே இல்லாத தொடர் கிடைப்பது அரிது. 2021இல் நானும் இப்படி ஒரு முழுமையான தொடரோடு என் மேலதிகாரியின் முன்னால் போய் நின்றவள்தான்.

குழாயில் எண் எழுத மறப்பது, மாதிரியைக் குளிரில் வைக்காமல் விடுவது போன்றவற்றை எந்த ஆய்வகத்திலும் முதல் நாளே சொல்லித்தருவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். வைரஸ் தொடர்களைப் படிக்கும்போது எளிதில் கண்ணுக்குத் தப்பும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காலி இடத்தில் வுஹான் எழுத்து

அது கொரோனா வைரஸின் டெல்டா வகை பரவிய காலம். வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நிற்கும் ஸ்பைக் புரதத்தின் 142ஆம் இடத்தில் சில மாதிரிகளில் உருமாற்றம் இருந்தது, சிலவற்றில் இல்லை. டெல்டா பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்று நினைத்தேன். உருமாற்றம் இருப்பவர்களிடம் வைரஸும் அதிகமாக இருந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று நம்பி இரண்டு வாரம் வரைபடம் வரைந்தேன். எல்லாமே பொய்.

கொரோனா வைரஸின் 29,903 எழுத்துகளை ஒரே நீட்டில் நகலெடுத்துப் பெருக்க முடியாது. அப்போது பரவலாகப் பயன்பட்ட ஆர்டிக் என்ற ஆய்வுக் குழுவின் மூன்றாம் பதிப்பு முறையில், சுமார் 400 எழுத்து நீளமுள்ள 98 துண்டுகளாகப் பெருக்குவோம். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் ஒரு பிரைமர், அதாவது பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் செயற்கைக் குறுந்தொடர், ஒட்டிக்கொள்ள வேண்டும். 72ஆம் துண்டின் வலப்பக்கப் பிரைமர் ஒட்டும் இடத்தில் டெல்டாவுக்கு ஆறு எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. பிரைமர் சரியாக ஒட்டவில்லை, துண்டு பெருகவில்லை. 142ஆம் இடம் அந்தத் துண்டுக்குள் இருக்கிறது. வைரஸ் குறைவாக இருந்த மாதிரிகளில் அந்தப் பகுதி அநேகமாகக் காணாமலே போயிற்று.

அடுத்து நடந்ததுதான் விபரீதம். மென்பொருள் வுஹான் தொடரை, அதாவது வுஹானில் தொடக்கத்தில் கிடைத்த வைரஸின் தொடரை, அடியில் வைத்துக்கொண்டு, வேறுபாடு கண்ட இடத்தில் மட்டும் எழுத்தை மாற்றுகிறது. பார்த்து மாற்றமில்லை என்று கண்ட இடமும், பார்க்கவே முடியாத இடமும் அதற்கு ஒன்றுதான். இரண்டிலும் வுஹான் எழுத்தையே விட்டுவைக்கும். போதாததற்கு, 73ஆம் துண்டின் இடப்பக்கப் பிரைமர் சரியாக 142இன் மேல் படிகிறது. அந்தப் பிரைமர் நாம் வாங்கி ஊற்றியது. அதில் இருப்பது வுஹான் எழுத்து. அதை வெட்டி நீக்காவிட்டால், குப்பியிலிருந்து வந்த எழுத்தை நோயாளியின் வைரஸ் என்று படித்துவிடுவோம். நான் இரண்டு தவறுகளையும் செய்திருந்தேன். 142இல் அந்த மாற்றம் டெல்டாவின் அடையாளங்களில் ஒன்று. அது எங்கும் திரும்பிப் போகவில்லை.

இதை நினைத்தால் இன்றும் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. பிழையான தொடர் நம் கணினியோடு நிற்பதில்லை. பொதுத் தரவுத்தளத்துக்குப் போகிறது, முகம் தெரியாத யாரோ அதை எடுத்து வம்சாவளி மரம் வரைகிறார், மரத்தில் இல்லாத கிளை ஒன்று முளைக்கிறது. தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுத நமக்கு 'என்' (N) என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. பிரைமர்களை முதலில் வெட்டுங்கள். பிறகு ஒவ்வோர் இடத்தையும் எத்தனை வாசிப்புகள் (கருவி தனித்தனியாகப் படித்த சிறு துண்டுகள்) தொட்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் தயங்காமல் 'என்' போடுங்கள். நான் இருபது கேட்பேன். புதிய உருமாற்றமோ, உருமாற்றம் மறைந்ததோ கண்ணில் பட்டால், யாரிடமும் சொல்வதற்கு முன் வாசிப்புகளைத் திரையில் திறந்து கண்ணால் பாருங்கள்.

மாணவியும் நானும் அப்படித்தான் பார்த்தோம். அவருடைய டெங்குத் தொடரில் இப்போது மூன்று இடங்களில் நீளமாக 'என்' நிற்கிறது.

"இவரிடமிருந்து அவருக்கு" என்பது

கொரோனா வைரஸின் ஒரு பரவல் வழியில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்துகள்தாம் மாறுகின்றன. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்ற ஐந்தாறு நாள் போதும். ஆகவே ஒரு விடுதியில் ஏழு பேரின் தொடரும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருப்பது இயல்பு. அதை வைத்து யார் கொண்டுவந்தார் என்று சொல்ல முடியாது. ஒரு சமையல்காரர் மீது இப்படிப் பழி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருடைய மாதிரி முதலில் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். தொடர்கள் வெகுவாக வேறுபட்டால் 'இவரிடமிருந்து வரவில்லை' என்று சொல்லலாம். 'வந்தது' என்று சொல்ல, யார் யாரை எப்போது சந்தித்தார் என்ற விசாரணையும் வேண்டும்.

அதிகம் வரிசைப்படுத்திய நாட்டை ஊற்று என்பது

பிரிட்டனும் டென்மார்க்கும் கொரோனா மாதிரிகளை ஏராளமாக வரிசைப்படுத்தின, அதாவது அவற்றின் தொடர்களைப் படித்தன. வம்சாவளி மரத்தில் அவை எங்கும் தெரிவதற்கு அதுவே பாதிக் காரணம்.

வெறும் நீர்க் குழி

கலப்படம் நேர்ந்ததா என்று அறிய, மாதிரிகள் இருக்கும் தட்டின் ஒரு குழியில் வெறும் நீரை வைப்போம். வைரஸ் இல்லாத அந்தக் குழியில் தொடர் வந்தால், அந்தத் தட்டு முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள்.

தேதி

மாதிரி எடுத்த நாளைத்தான் எழுத வேண்டும், வரிசைப்படுத்திய நாளை அல்ல. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03-04-2021 என்பது ஒருவருக்கு ஏப்ரல், இன்னொருவருக்கு மார்ச்.