நேம்சர்வர் பதிவுகள் ஒத்துப்போகாவிட்டால்

கடைக்காரர் ஒருவரின் டாட் காம் டொமைனை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். அவர் போனில் புதிய தளம் வருகிறது, கணக்காளர் கணினியில் பழையது. இப்படி ஆளுக்கொன்று தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது என்எஸ் பதிவுகளைத்தான், அதாவது டொமைனின் முகவரியைச் சொல்லும் சர்வர்கள் (நேம்சர்வர்கள்) எவை என்று காட்டும் பதிவுகளை.

அவை இரண்டு இடங்களில் இருக்கும்: ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) வழியாக டாட் காம் சர்வர்களில் ஒன்று, டொமைனின் சொந்த ஸோன் ஃபைலில் (நேம்சர்வரில் உள்ள டொமைனின் பதிவுகளின் கோப்பு) ஒன்று. டிஎன்எஸ் பதிவுகளைக் கேட்கும் 'டிக்' (dig) கட்டளையை 'ட்ரேஸ்' (+trace) சேர்த்து ஓட்டினால் டாட் காம் சர்வர்களில் உள்ள பட்டியல் கிடைக்கும். அப்புறம் அதிலுள்ள ஒவ்வொரு நேம்சர்வரிடமும் தனித்தனியாக என்எஸ் கேளுங்கள். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

இங்கே ரெஜிஸ்ட்ராரில் எல்லாம் சரி. புதிய ஸோனில்தான் பழைய நிறுவனத்தின் நேம்சர்வர் பெயர்கள் அப்படியே காப்பியாகி வந்திருந்தன. பல ரிசால்வர்கள் (நம் சார்பில் முகவரியைத் தேடித் தரும் சர்வர்கள்) ஸோன் சொல்வதையே நம்பும் என்பதால் கேள்விகள் பழைய இடத்துக்கே திரும்பிப் போயின.

ஸோனில் பெயர்களைத் திருத்துங்கள். ஃபைலைக் கையால் திருத்தினால் எஸ்ஓஏ பதிவிலுள்ள சீரியல் எண்ணையும் (ஸோனின் பதிப்பு எண்) கூட்டுங்கள். டாட் காம் சர்வர்கள் தரும் என்எஸ் பதிவின் டிடிஎல் (ரிசால்வர் பதிலை நினைவில் வைத்திருக்கக்கூடிய நேரம்) 1,72,800 விநாடி, அதாவது 2 நாள். பழைய ஸோனின் டிடிஎல் அதைவிட அதிகமா என்றும் பாருங்கள். இரண்டில் நீளமானது கழியும்வரை பழைய நேம்சர்வரிலும் புதிய ஐபி முகவரியையும் எம்எக்ஸ் பதிவையும் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது) போட்டு வையுங்கள். வாடிக்கையாளரின் மெயில் தொலையாது.