பழைய ஆம்னி வேனுக்கு வீட்டிலேயே டியூன்-அப்

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரிப்பில் இருந்த இந்த வண்டியின் 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கி மூடியைக் கழற்றினால் வேலை கைக்கு எட்டிவிடும் என்பதால், பொறுமையுள்ள எவரும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடலுக்கு ஒரு காலைப்பொழுதில் டியூன்-அப், அதாவது என்ஜின் சீராக ஓடுவதற்கான சரிபார்ப்பு, செய்துவிடலாம். ஆனால் வேலைகளின் வரிசையை என்ஜினின் சூடுதான் தீர்மானிக்கிறது: குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டியவை முதலிலும், சூடான பின் செய்ய வேண்டியவை அடுத்தும் வர வேண்டும். கார்புரேட்டர் திருகை எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே தொட வேண்டும்.

முந்தைய இரவு நிறுத்திய வண்டியை அசைக்காமல் காலையில் தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்ட் அளவைப் பாருங்கள். சூடான என்ஜினில் இந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகள். சாலைத் தூசி அனைத்தும் இருக்கைக்கு அடியில்தான் வந்து சேர்கிறது என்பதால், சைக்கிள் பம்பினால் பிளக்கைச் சுற்றிலும் காற்றடித்து மணலை அகற்றிய பின்பே கழற்றுங்கள். இல்லையேல் மணல் சிலிண்டருக்குள் விழும். ஒயர்களைக் கழற்றுமுன் அவற்றில் 1, 2, 3 என்று எண் எழுதி ஒட்டிவிடுங்கள். இழுக்கும்போது ஒயரைப் பிடிக்காமல் அதன் ரப்பர் மூடியைப் பிடித்து இழுக்க வேண்டும். கழற்றிய மூன்றையும் அதே வரிசையில் ஒரு தாளின் மேல் வைத்துப் பார்த்தால் என்ஜினின் நிலை தெரிந்துவிடும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம், அதை டியூன்-அப் தீர்க்காது. வெளுத்திருந்தால் எங்கோ காற்று கூடுதலாக நுழைகிறது. மூன்றும் ஒரே நிறத்தில் இல்லாமல் ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால், கார்புரேட்டரைச் சந்தேகிக்காமல் அந்தச் சிலிண்டரின் ஒயரையும் வால்வையும் பாருங்கள்.

புதிய பிளக்குகளை உடனே மாட்ட வேண்டாம். பிளக் இல்லாத நிலையில் என்ஜினைக் கையால் சுற்றுவது எளிது என்பதால், டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்ற கைக்கும் இடையிலுள்ள இடைவெளியை, இப்போதே சரிபார்க்கலாம். வால்வு மூடியைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி மெதுவாகச் சுற்றி, முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் தளர்ந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபீலர் கேஜின் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) தகடு ராக்கருக்கும் வால்வுக்கும் இடையில் புகுந்து, புத்தகத்தின் இரு பக்கங்களுக்கு நடுவிலிருந்து தாளை உருவும்போது தெரிவதுபோல் லேசாகப் பிடித்து நகர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனாலும் தவறு, இழுத்துப் பறிக்க நேர்ந்தாலும் தவறு. அளவை வண்டிக் கையேட்டிலுள்ள குளிர்நிலை எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சற்றே நகரும் என்பதால், இறுக்கிய பின் மறுபடியும் அளந்தே தீர வேண்டும். பின்னர் கிராங்கை 240 பாகை சுற்றினால் மூன்றாவது சிலிண்டர், இன்னொரு 240 பாகையில் இரண்டாவது. இந்த என்ஜினின் எரியும் வரிசை 1-3-2.

புதிய பிளக்குகளின் இடைவெளி கார்புரேட்டர் மாடலுக்குப் பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஆகவே பிளக்கை விரலாலேயே திருகி முழுவதும் இறக்கிவிட்டு, அதன் பிறகே ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்குங்கள். தொடக்கத்திலேயே ஸ்பேனரைப் போட்டு மரையைக் கெடுத்தால், செலவு ஹெட்டைக் கழற்றும் அளவுக்குப் போய்விடும். பாயிண்ட் (பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள மிகப் பழைய வண்டியானால் அதன் முனை குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியின் உட்புறம் மயிரிழை விரிசல் இருந்தால் மழைக்காலத்தில் வண்டி கிளம்பாது. ஏர் ஃபில்டரைத் தட்டி மீண்டும் போடுவதைவிட மாற்றுவதே மேல்.

பேட்டரியை இணைத்து, திறந்த வெளியில் வைத்து என்ஜினை இயக்குங்கள். நன்கு சூடானதும் டைமிங் லைட்டால் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி வரும் நேரத்தை, பார்த்துவிட்டுத்தான் கார்புரேட்டருக்கு வர வேண்டும். எங்கள் வண்டி ஒருமுறை நின்ற இடத்திலேயே துடித்தபோது, ஒரு பட்டறையில் கார்புரேட்டரின் மிக்ஸர் திருகைத் (பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் திருகு) திருகித் திருகி ஐடிலிங்கை (நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம்) ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெட்ரோல் செலவு கூடியதேயன்றித் துடிப்பு நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், விரல் நீள வேக்குவம் ஹோஸ் (என்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் ரப்பர் குழாய்) ஒன்று முனையில் வெடித்திருந்தது. எனவே ஹோஸ்கள் அனைத்தையும் வளைத்துப் பார்த்த பிறகே அந்தத் திருகைத் தொடுங்கள். தொடும்போதும் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாதீர்கள். கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ மாடலில் இந்த வேலையே கிடையாது.

என்ஜினை நிறுத்தி, சூடு கை பொறுக்கும் அளவுக்குத் தணிந்ததும் ஆயிலை வடித்து ஃபில்டரை மாற்றுங்கள். புதிய ஆயிலை முதலில் இரண்டரை லிட்டர் மட்டும் ஊற்றி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது நல்லது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இருக்கைக்கு அடியிலிருந்து கழற்றிய என்ஜின் மூடியை மாட்டுமுன் அதன் விளிம்பிலுள்ள ரப்பர் பட்டையை ஒரு சுற்று விரலால் தடவிப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் என்ஜினின் வெப்பமும் பெட்ரோல் வாடையும் மட்டுமன்றி, புகை கசிந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் குழந்தைகள் அமரும் இடத்துக்கு நேராக ஏறிவரும். பட்டையை மாற்றிய பிறகே இருக்கையை இறக்குங்கள்.