உண்ணிக்கு அஞ்சினால் முதலில் உலர்த்துங்கள், பிறகு துவையுங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் காட்டுப் பாதையிலோ உயர்ந்த புல்வெளியிலோ நடந்துவிட்டு வீடு திரும்பியதும், உடுத்திய துணிகளைத் துவைப்பதற்கு முன்பே துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு, அதிக வெப்பத்தில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். லைம் நோயை, அதாவது உண்ணிக் கடியால் தொற்றும் ஒரு பாக்டீரியா நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி ஈரத்தைத் தாங்கும், வறட்சியைத் தாங்காது. ஆகவே குளிர்ந்த நீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ துவைத்தாலும் பிழைத்துக்கொள்ளும் அது, உலர் வெப்பத்தில் சில நிமிடங்களிலேயே மடிந்துவிடுகிறது. காலுறையின் மடிப்பில் ஒட்டியிருக்கும் இளம் உண்ணி ஒரு கசகசா அளவே இருக்கும் என்பதால், கண்ணால் தேடிப் பிடிப்பதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

துணி ஈரமாக இருந்தால் 10 நிமிடம் போதாது, கூடுதல் நேரம் தேவைப்படும். சேறு படிந்து முதலில் துவைத்தே தீரவேண்டிய துணிக்கு நல்ல வெந்நீரையே பயன்படுத்துங்கள். உடலில் ஏறிவிட்ட உண்ணிக்கு இந்த வழி உதவாது. அக்குள், முழங்காலின் பின்புறம், காதோரம், தலைமுடி ஆகியவற்றை அன்றே பார்த்து, கடித்துக்கொண்டிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தெடுக்க வேண்டும். அதன் பின் சில வாரங்களுக்குள் காய்ச்சலோ விரிந்துகொண்டே போகும் சிவந்த தடிப்போ தோன்றினால், உண்ணி கடித்த செய்தியைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.