முந்திரி மிஷின் இறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு தம்பி புது உடைப்பு மிஷின் இறக்கிவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். "அண்ணே, வியட்நாமில் ஓடுற அதே மிஷின். இனி நமக்கும் அதே உற்பத்திதான்." பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் நான் சொன்னதும் இதேதான்.

மிஷினை மட்டும் வாங்குவது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. கடன் வாங்கி மிஷினை இறக்கி, மூட்டையைப் பிரித்து அப்படியே கொட்டினேன். தட்டில் விழுந்ததில் பாதிக்கு மேல் உடைசல். முழுப் பருப்பின் விலை தெரிந்தவருக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். மிஷின்மேல் குறையில்லை. கத்தியின் இடைவெளி ஓர் அளவுக் கொட்டைக்குத்தான். கலந்து போட்டால் பெரிசு நசுங்கும், சிறிசு வெட்டுப்படாமல் வெளியே வரும். சலித்து அளவுவாரியாகப் பிரித்திருக்க வேண்டும். ஆவியில் வேகவைத்ததை ராத்திரி முழுக்க ஆறவிட்டிருக்க வேண்டும். 2006 வாக்கில் பருப்பு ஏற்றுமதியில் நம்மைத் தாண்டிய வியட்நாமில் மிஷினோடு அந்த மிஷினைச் செய்யும் பட்டறைகளும் இருந்தன.

1990-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் லூகாஸ் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கத் தொழிலாளிக்கும் இந்தியத் தொழிலாளிக்கும் உள்ள உற்பத்தி இடைவெளிக்கு மூலதனக் குறைவு மட்டுமே காரணமென்றால், இங்கே கூடுதலாகப் போடும் முதலுக்கு அங்கே கிடைப்பதைப்போல 58 மடங்கு வருமானம் வர வேண்டும். அப்படி வந்தால் உலகப் பணமெல்லாம் இங்கே வந்து குவிந்திருக்கும். குவியவில்லை. படிப்பு, கைத்தேர்ச்சி, நிர்வாகம், கரண்ட் எல்லாம் சேர்ந்தால்தான் போட்ட முதல் வேலை செய்யும்.

மும்பைப் பக்கத்து நெசவாலைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது. ஆலைகளுக்குக் கொடுத்தது மிஷின் இல்லை, நிர்வாக ஆலோசனை: பழுதைப் பதிவது, சரக்கு இருப்பை ஒழுங்காக வைப்பது. முதல் வருஷமே உற்பத்தித்திறன் 17% கூடியது.

நாள்கூலியைப் பார்ப்பது

நாள்கூலி குறைவு என்பதை மட்டும் பார்க்காமல், கிலோ பருப்புக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்று பாருங்கள்.

"நம்ம ஆளுங்க சோம்பேறி" என்பது

பொய். சல்லடை வந்த பிறகு அதே ஐந்து பெண்கள், அதே மிஷின், உடைசல் கால்வாசிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முன்னால் அவர்களை நான் திட்டியது இன்றும் உறுத்துகிறது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"

தம்பியிடம் கொட்டையைச் சலிக்கும் சல்லடை எங்கே என்று கேட்டதற்கு இதுதான் பதில். சாயங்காலமே என்னிடம் கிடந்த மூன்று கம்பிச் சல்லடைகளையும் வண்டியில் கட்டி எடுத்துப்போய், அவர் கொட்டகையில் இறக்கிவிட்டு வந்தேன்.