மிஷின் நின்றால் பதறாதீர்கள்: பனியன் கம்பெனியில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு

போன வாரம் எங்கள் யூனிட்டில் ஒரு தம்பி சூப்பர்வைசர் ஆனான். நேற்று வரை பேட்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவன். முதல் நாளே லைனில், அதாவது ஒருவர் தைத்து அடுத்தவருக்குக் கைமாற்றும் மிஷின் வரிசையில், மேலும் கீழும் நடந்து, "மிஷின் ஏன் நிக்குது, மிஷின் ஏன் நிக்குது" என்று கேட்டபடியே இருந்தான். சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. பதினைந்து வருஷம் முன்னால் திருப்பூரில் வேறொரு கம்பெனியில் அதே கேள்வியை அதே குரலில் கேட்டவன் நான்.

நேரத்துக்கு வருவது, கணக்கு நோட்டைச் சரியாக எழுதுவது எல்லாம் டெய்லராக இருந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சொல்லாமல் புரியாதவை வேறு.

எல்லா மிஷினும் ஓட வேண்டும் என்று நினைப்பது

சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். அப்போது என் லைனில் ஷோல்டர் அடிக்கும் (தோள் தைக்கும்) அண்ணன் மணிக்கு 110 பீஸ் போடுவார். அடுத்து கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டை) ஏற்றும் அக்கா 60. சைடு அடிப்பவர் 80 போடக்கூடியவர். எட்டு மணி நேரத்தில் லைன் எத்தனை பீஸ் தரும்? 480, அதற்கு மேல் ஒன்றுகூட வராது. ஷோல்டர் அண்ணனை எவ்வளவு விரட்டினாலும், சாயந்திரம் கழுத்து மிஷின் முன்னால் 400 பீஸ் குவிந்திருக்கும், அவ்வளவுதான். அவர் மிஷின் பத்து நிமிஷம் நின்றால் நஷ்டமே இல்லை. கழுத்து மிஷின் பத்து நிமிஷம் நின்றால் பத்து டி-ஷர்ட் போச்சு.

நான் அன்றைக்கு விரட்டினேன். குவியலைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன். பதினொரு மணிக்கு ஷோல்டர் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் ஊசி உடைந்தது. அவசரத்தில் ஹெல்பர் பையன் பால் பாயிண்ட் ஊசிக்குப் பதிலாகக் கூர்முனை ஊசியை மாட்டிவிட்டான். பின்னல் துணியில், முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். கூர்முனை ஊசி நூலையே அறுத்துவிடும். மிஷினில் பார்த்தால் தெரியாது. இழுத்துப் பார்த்தால் தையல் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும்.

ஊசி மாறியபோதே கழுத்து மிஷின் முன்னால் நூறு பீஸுக்கு மேல் காத்திருந்தது. அதெல்லாம் தீர்ந்து, ஓட்டை பீஸ் செக்கிங் டேபிளுக்கு வந்து சேர மதியம் மூணு மணி ஆகிவிட்டது. செக்கிங் அக்கா ஒரு பீஸை இழுத்துக் காட்டினார். அதற்குள் முந்நூறுக்கு மேல் அடித்தாகிவிட்டது. துணியில் ஓட்டை விழுந்தால் பிரித்து அடித்தும் பயனில்லை. அன்று ஷோல்டர் அண்ணனை எல்லார் முன்னாலும் கத்தினேன். தப்பு அவருடையதா? நடுவில் நாலு பீஸ் மட்டும் காத்திருந்திருந்தால் அரை மணியில் ஓட்டை கண்ணில் பட்டிருக்கும். இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு மிஷினிலும் மணிக்கு எத்தனை பீஸ் என்று ஒரு நாள் பென்சிலில் குறியுங்கள். எது குறைவோ அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். அந்த மிஷினுக்கு முன்னால் இரண்டு கட்டுக்கு மேல் சேர்ந்தால், அதற்கு முந்தைய மிஷினில் இருப்பவரை நிறுத்துங்கள். நிறுத்தி என்ன செய்யச் சொல்வது? பிற்பாடு நான் பார்த்தபோது, கழுத்து அக்கா ரிப்பை வட்டமாக மூட்டுவதையும் தானே செய்துகொண்டிருந்தார். அந்த வேலையை, ஷோல்டர் அடிக்க அடுத்து வந்தவருக்கு மாற்றினேன். 60 என்பது 75 ஆனது. நாளுக்கு 600 பீஸ், ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டாமலே.

பீஸ் ரேட்டில், அதாவது பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் நிற்கச் சம்மதிக்க மாட்டார், நியாயம்தான். மாற்று வேலைக்கும் ரேட் பேசிக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். முதலாளி வந்து நிற்கிற மிஷினைப் பார்த்துச் சத்தம் போடுவார். நோட்டைக் காட்டுங்கள். அந்த ஐந்து நிமிஷத் திட்டை வாங்கிக்கொள்ளத்தான் உங்களை சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறது.

தானே மிஷினில் உட்காருவது

கை துறுதுறுக்கும். உட்காராதீர்கள். நீங்கள் குனிந்து தைக்கும்போது லைனைப் பார்க்க ஆள் இல்லை.

லைனில் வைத்துத் திட்டுவது

வேண்டாம். நான் திட்டிய அண்ணன் மறுவாரமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

"நீ தைக்கிற வேலையைப் பாரு" என்பது

டொயோட்டா கார் கம்பெனியில் 1951-லேயே தொழிலாளர் யோசனைகளைக் கேட்டு வாங்க ஏற்பாடு வந்துவிட்டது. அங்கே கோளாறு கண்டால் லைனில் நிற்பவரே கயிற்றை இழுத்து நிறுத்தச் சொல்லலாம். நம் ஊரில் யோசனை சொன்னால் வாயாடி என்று பெயர். என் லைனில் பாக்கெட் வைக்கும் ஒரு அக்கா, நூல் அட்டைப்பெட்டியை வெட்டி அளவு அட்டை செய்து வைத்திருந்தார், எனக்குத் தெரியாமல், மிஷினுக்கு அடியில் ஒளித்து. ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க கத்துவீங்கன்னுதான் சார்."