தாடைக்கடியில் ஒட்டும் சென்சார்: விழுங்கல் கோளாற்றைக் கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பிடும்போது தாத்தாவுக்குப் புரை ஏறினால் தலையைத் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். எப்போதாவது ஒரு முறை என்றால் சரி. அடிக்கடி புரை ஏறுகிறது, சாப்பிட்ட பிறகு குரல் கரகரக்கிறது, ஒரு தட்டுச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், விழுங்கும் தசைகளைச் சந்தேகப்பட வேண்டும். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்களிடம் இது அதிகம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதைக் கவனிக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது: களி. கேழ்வரகுக் களியை யாரும் மென்று சாப்பிடுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். அதற்கு நாக்கிலும் தொண்டையிலும் நல்ல பலம் வேண்டும். பலம் குறையும்போது பெரியவர் உருண்டையைச் சிறிதாக்குவார், குழம்பை இன்னும் ஊற்றச் சொல்வார், ஒரு நாள் களியே வேண்டாம் என்பார். வீட்டில் அதை "வயசாச்சு, பசி இல்ல" என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அக்கறையோடு இன்னொரு தவறும் நடக்கும். கெட்டியாக இறங்கவில்லையா, நீர்க்கக் கரைத்துக் கொடு என்பார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. தண்ணீர், மோர், நீர்த்த கூழ் எல்லாம் வேகமாக ஓடுபவை. மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே போய்விடலாம். களியில் திணறும் ஒருவருக்குத் தண்ணீர்தான் பெரிய ஆபத்தாக இருக்கவும் கூடும்.

இனி சென்சாருக்கு வருவோம். விழுங்கும்போது தாடைக்கு அடியில் உள்ள தசைகள் குரல்வளையை மேலும் முன்னும் இழுக்கின்றன. மூச்சுக்குழாய் மூடுவதற்கும் உணவுக்குழாயின் வாய் திறப்பதற்கும் அந்த இழுப்பு உதவுகிறது. தொண்டைக்குள் நடக்கும் இந்த வேலை ஏறக்குறைய ஒரு நொடியில் முடிந்துவிடும். தாடைக்கடியில் ஒட்டும் மின்முனைகள் அந்தத் தசைகளில் எழும் மைக்ரோவோல்ட் அளவிலான மின்சாரத்தைப் பதிவு செய்கின்றன. நெஞ்சில் ஒட்டி ஈசிஜி எடுப்பது மாதிரிதான். இதற்கு மேற்பரப்பு இஎம்ஜி என்று பெயர். "கரன்ட் வெப்பாங்களாம்" என்று பயந்து மறுப்பவர்கள் உண்டு. தசைக்கு மின்தூண்டல் கொடுப்பது வேறொரு சிகிச்சை. இந்தக் கருவி உடலுக்குள் எதையும் செலுத்துவதில்லை.

இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு, திரையில் வரும் கோட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. தசை எப்போது வேலை செய்தது, எவ்வளவு நேரம், எவ்வளவு முயற்சியோடு என்பதைத்தான் சென்சார் சொல்லும். உணவு எங்கே போனது என்று அதற்குத் தெரியாது. கோடு அழகாக ஏறி இறங்கியிருக்கும், அதே விழுங்கலில் ஒரு துளி நுரையீரல் பக்கம் இறங்கியிருக்கும். இருமல் கூட வராமல் இப்படி நடப்பதுண்டு. அதைப் பார்க்க, பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோ அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா செலுத்தும் பரிசோதனை வேண்டும். சென்சாரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இவற்றைத் தவிர்ப்பது தவறு. அடிக்கடி வரும் சளிக்காய்ச்சலுக்கு ஒவ்வொரு முறையும் மருந்து மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்புவதும் அப்படித்தான். உணவு இப்படி நுரையீரல் பக்கம் இறங்குவதே அந்தக் காய்ச்சலுக்கு மூலமாக இருக்கலாம்.

அடுத்தது, எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது. பக்கத்துப் படுக்கைக்காரரை விட நம் பாட்டிக்கு மைக்ரோவோல்ட் குறைவு என்றால் தசை பலவீனம் என்று அர்த்தமில்லை. தாடைக்கடியில் கொழுப்பு இருந்தாலோ தோல் தொங்கினாலோ பதிவு மங்கும். தாடி, எண்ணெய், வியர்வை, ஒட்டும் இடம் அரை அங்குலம் மாறுவது எல்லாமே எண்ணை மாற்றிவிடும். தோலைத் துடைத்து, அதே இடத்தில் ஒட்டி, அதே ஆளின் பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு விழுங்கலை வைத்தும் முடிவு செய்யக் கூடாது. பேசினாலும், மென்றாலும், நாக்கை அசைத்தாலும் கோடு எழும். "தண்ணி குடிச்சீங்களா தாத்தா?" என்று நடுவில் கேட்டால் அவர் சொல்லும் பதிலும் விழுங்கலாகக் கணக்கில் ஏறிவிடலாம். வயதானால் தசை கொஞ்சம் தாமதமாக எழுவது இயல்பு. இளைஞர்களின் அளவை வைத்துப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் நோயாளிதான்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் தாடைக்கடியில் ஒட்டும் வளையும் பட்டை ஒன்றைப் பற்றி வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தே விழுங்கும் பயிற்சியைக் கண்காணிக்கலாம் என்பது நோக்கம். நல்ல திசைதான். அதற்காக இணையத்தில் மலிவான சென்சார் வாங்கி, பக்கவாதம் வந்த புதிதில் அப்பாவுக்கு விதவிதமாக ஊட்டி வீட்டில் சோதிப்பது விபரீதம். விழுங்கும் திறனைப் பார்க்காமல் எதையும் வாயில் கொடுக்கக் கூடாத நாட்கள் அவை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிபி, சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருபவரிடம் புரை ஏறுவதை யாரும் சொல்வதில்லை. "அதெல்லாம் ஒரு நோயா" என்ற எண்ணம். கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை இறங்காமல் பொடித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். ஓசூர் பக்கத்தவர்களுக்கு பெங்களூருவில் உள்ள மூளை நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பக்கம்.

போகும்போது, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுவதை போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பல மருத்துவர்களுக்கு வரைபடத்தை விட அது அதிகம் உதவும் என்பது என் எண்ணம். பல்செட் போடுபவர் என்றால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள், அது இல்லாமல் பரிசோதித்தால் வீட்டில் அவர் சாப்பிடும் விதம் அங்கே தெரியாது.