நேவி இன்ஜினியரிங் ஆபிசர் ஆகணுமா? இந்தத் தப்புகள்ல மாட்டிக்காதீங்க

நேவில இன்ஜினியர் ஆகணும்னு சொல்ற பசங்க நிறைய, அதுல பாதிப் பேருக்கு எந்த நேவின்னே தெளிவு இல்ல. மெர்ச்சன்ட் நேவி வேற, இந்தியன் நேவி வேற. முதலாவது சரக்குக் கப்பல் கம்பெனி வேலை, கப்பல் துறையைக் கட்டுப்படுத்துற மத்திய அரசு அமைப்பான டிஜி ஷிப்பிங் விதிப்படி கோர்ஸ் முடிச்சு, எக்ஸாம் எழுதி, காண்ட்ராக்ட்ல கப்பல் ஏறணும். ரெண்டாவது போர்க்கப்பல், யூனிபார்ம், கமிஷன் (தரகுக் காசு இல்ல, அரசு குடுக்கிற ஆபிசர் பதவி). இந்தக் குழப்பத்தை வச்சே பொழைக்கிற ஏஜென்ட்டுங்க ஊர் ஊருக்கு இருக்காங்க, வீட்டுல நகையை அடகு வச்சு லட்சக்கணக்குல குடுத்துட்டு அப்புறம் அழுறவங்களைப் பார்த்தா வயிறு எரியுது. நேவி வெப்சைட்ல நேரடியா அப்ளை பண்ற ஆபிசர் வேலைக்கு அப்ளிகேஷன் பீஸே கிடையாது, காசு வாங்கிட்டு சேர்த்து விடுறேன்னு யார் சொன்னாலும் அது மோசடி தான், வேற யோசிக்கவே வேண்டாம். இனிமே நான் சொல்றதெல்லாம் இந்தியன் நேவி பத்தி.

அடுத்த தப்பு பிராஞ்ச் பத்தி விசாரிக்காம அப்ளை பண்றது. இன்ஜினியரிங் பிராஞ்ச்ல போனா டர்பைன், டீசல் இன்ஜின், ஜெனரேட்டர், ஏசி பிளான்ட், பைப் லைன் எல்லாம் உங்க பொறுப்பு, ட்ரெய்னிங் லோனாவ்லால இருக்கிற ஐஎன்எஸ் சிவாஜில. எலக்ட்ரிகல் பிராஞ்ச்னா ஜாம்நகர்ல ஐஎன்எஸ் வல்சுரா. ஆனா கப்பலுக்கு கேப்டனா நின்னு கமாண்ட் பண்ணணும்ங்கிறது தான் கனவுன்னா நீங்க எக்ஸிக்யூட்டிவ் பிராஞ்ச் தான் போகணும். இன்ஜினியரிங்ல வைஸ் அட்மிரல் வரைக்கும் போகலாம், சீஃப் ஆஃப் மெட்டீரியல்ங்கிற டெக்னிக்கல் பக்கத்து உச்சப் பதவிக்கு வரலாம், நேவி சீஃப் ஆக முடியாது. இது தெரியாம உள்ள போய் அஞ்சு வருஷம் கழிச்சு மனசு உடையறது ரொம்பக் கொடுமை. அதுக்காக இன்ஜினியரிங் ஏதோ ரெண்டாந்தரம்னு நினைச்சுடாதீங்க, 1928ல நம்ம நாட்டுக் கடற்படையில முதன்முதலா கமிஷன் வாங்கின இந்தியர் டி.என்.முகர்ஜி ஒரு இன்ஜினியர் ஆபிசர் தான்.

எஸ்எஸ்பில, அதாவது ஆபிசர்களைத் தேர்ந்தெடுக்கிற போர்டு வைக்கிற டெஸ்ட், இன்டர்வியூல, நம்ம பசங்க சறுக்குற இடம் எனக்கு நல்லாத் தெரியும். படத்தைக் காட்டி கதை எழுதச் சொல்ற டெஸ்ட்ல, கோச்சிங் சென்டர்ல மனப்பாடம் பண்ண கதையை எழுதுறது ஒண்ணு. எந்தப் படம் காட்டினாலும் ஹீரோ ஆக்சிடென்ட் ஆனவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவார், அதே கதையை அங்க உக்காந்திருக்கிற சைக்காலஜிஸ்ட் எத்தனை தடவை படிச்சிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. இன்னொண்ணு பைனல் இயர் ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்கிட்டு வந்து ரிவ்யூல ஓட்டிடலாம், ஆனா இன்டர்வியூல ஆபிசர் 'ஏன் இந்த பம்ப்பைத் தேர்ந்தெடுத்தீங்க, வேற போட்டா என்ன ஆகும்'னு ஒரே ஒரு கேள்வி கேட்டா முழி பிதுங்கிடும். சின்ன ப்ராஜெக்ட்டா இருந்தாலும் சொந்தக் கையால பண்ணது தான் அங்க பேசும். இங்கிலீஷ் தடுமாறுதுன்னு குரூப் டிஸ்கஷன்ல வாயே திறக்காம உக்காந்திருக்கிறதும் தப்பு, கிராமர் தப்பா வந்தாலும் பரவாயில்ல, சொல்ல வந்ததை சொல்லிடுங்க.

செலக்ட் ஆனதும் ஜாலியா மூணு மாசம் தூங்கிட்டு கேரளாவுல எழிமலைல இருக்கிற நேவல் அகாடமிக்கு ட்ரெய்னிங் போறவங்க அங்க படுற பாடு சொல்லி மாளாது. திடீர்னு தினமும் ஓட ஆரம்பிச்சா முழங்காலுக்குக் கீழ எலும்புல விரிசல் விழும், அது ஆறாம பேட்ச் தள்ளிப்போனவங்க உண்டு. நீச்சல் தெரியாதவங்க இப்பவே ஒரு குளத்துலயோ பூல்லயோ இறங்குங்க.

கப்பலுக்குப் போன பிறகு நடக்கிற தப்பு தான் முக்கியமானது, ஏன்னா அதுல மத்தவங்க உயிர் இருக்கு. புதுசா வர்ற சப் லெப்டினன்ட் கையில டிகிரி இருக்கும், தோள்ல பட்டை இருக்கும், எதிர்ல நிக்கிற மாஸ்டர் சீஃப் (மாலுமிகள்ல சீனியர் ரேங்க்) அந்த மாதிரி இன்ஜின்களோட இருபது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினவர். அவர்கிட்ட கேக்க கூச்சப்பட்டு தெரிஞ்ச மாதிரி நடிக்கிறது தான் முதல் தப்பு. 'மாஸ்டர் சீஃப், இந்த சத்தம் வழக்கமா வர்றதா, புதுசா?'ன்னு கேட்டா உங்க மரியாதை ஒண்ணும் குறையாது, அவருக்கு உங்க மேல நம்பிக்கை தான் கூடும். அதே சமயம் எல்லாத்தையும் அவர் தலையில போட்டுட்டு கேபின்ல உக்காந்துக்கிறதும் கூடாது, கையெழுத்து உங்களோடது, பொறுப்பும் உங்களோடது தான்.

அப்புறம் லாக் ஷீட். மணிக்கு ஒரு தடவை கீழ இறங்கி ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், பில்ஜ்ல, அதாவது கப்பலோட அடிப்பகுதில, தண்ணி இருக்கா இதெல்லாம் பார்த்து எழுதணும். ராத்திரி ரெண்டு மணிக்கு கடல் ஆடும்போது, வயித்தைப் பிரட்டும்போது, முந்தின மணி ரீடிங்கையே பார்க்காம அப்படியே திரும்ப எழுதுற ஆசை யாருக்கும் வரும். ஒரு பேரிங் கெட்டுப் போறப்போ எடுத்தவுடனே அலாரம் அடிக்காது, டெம்பரேச்சர் ஒரு டிகிரி, அப்புறம் இன்னொரு டிகிரின்னு மெதுவா ஏறும், அந்த ஏத்தம் உண்மையா எழுதின லாக்ல மட்டும் தான் தெரியும். ரவுண்ட்ஸ் போறப்போ கண்ணால மீட்டரைப் பார்த்தா மட்டும் போதாது, ஃப்யூயல் பைப் ரெண்டு சேருற ஃப்ளாஞ்ச் அடியில விரலை வச்சுத் தடவிப் பாருங்க, ஈரம் இருக்கான்னு. அந்த சொட்டு எக்ஸாஸ்ட் பைப்பைச் சுத்தி சூடு வெளிய வராம போர்த்தியிருக்கிற லேகிங்ல ஊறி ஊறி ஒரு நாள் பத்திக்கும், அதுவும் லேகிங் பிஞ்சு வெறும் பைப் தெரியிற இடம்னா சொல்லவே வேண்டாம்.

மூடின டேங்க், காலி கம்பார்ட்மென்ட் விஷயத்துல அலட்சியம் இருக்கே, அதை மன்னிக்கவே முடியாது. ரொம்ப நாள் மூடி இருந்த இரும்பு டேங்க்ல துரு பிடிக்கிறதே உள்ள இருக்கிற ஆக்சிஜனை சாப்பிட்டுடும், சாதாரணக் காத்துல 20.9 சதவீதம் இருக்கிறது உள்ள எவ்வளவு இருக்குன்னு மூக்குக்குத் தெரியாது, நாத்தமும் வராது. இறங்கினவர் ரெண்டு மூச்சுல மயங்கி விழுவார், அதைப் பார்த்து பதறி ஒருத்தர் குதிப்பார், அவரும் விழுவார். உலகம் பூரா கப்பல்கள்ல திரும்பத் திரும்ப இப்படித்தான் நடக்குது. காத்து அடிச்சு, கேஸ் டெஸ்ட் பண்ணி, வாசல்ல ஆள் நிறுத்தி, பர்மிட் எழுதி, அதுக்கப்புறம் தான் இறங்கணும், உள்ள ஒருத்தர் விழுந்துட்டா பிரீத்திங் செட் மாட்டாம அடுத்தவர் போகவே கூடாது. 2014 மார்ச்ல மும்பைல ஐஎன்எஸ் கொல்கத்தா நேவில சேருறதுக்கு முன்னாடி நடந்த சோதனைல, தீயணைக்க வச்சிருந்த கார்பன் டை ஆக்சைடு கசிஞ்சு கமாண்டர் ரேங்க்ல இருந்த ஒரு ஆபிசர் உயிரே போச்சு. அனுபவம் இருக்குன்னு காத்து யாருக்கும் சலுகை தராது.

டிஃபெக்டை மறைக்கிறது இன்னொண்ணு. நாளைக்கு கப்பல் கிளம்பணும், கேப்டன்கிட்ட கரண்ட் தர்ற ஒரு டீசல் ஆல்டர்னேட்டர் சரியில்லன்னு சொன்னா திட்டு விழும்னு பயந்து 'எல்லாம் ஓகே சார்'னு சொல்லிடுறது. 2012ல ரஷ்யாவுல நம்ம விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யா சீ ட்ரயல் போனப்போ பாய்லர் இன்சுலேஷன் கெட்டது தெரிஞ்சுது, அந்த வருஷக் கடைசியில வரவேண்டிய கப்பல் 2013 நவம்பர்ல தான் நேவில சேர்ந்துச்சு. ஒரு வருஷம் தாமதம் தான், ஆனா சோதனைல தெரிஞ்சது எவ்வளவோ மேல், அதே கோளாறு நடுக்கடல்ல ஆயிரக்கணக்கான பேரோட வெளிப்பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

காதுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் ரூம்ல இயர் டிஃபெண்டர் போடாம 'ரெண்டு நிமிஷ வேலை தானே'ன்னு போயிட்டு வர்றது வீரம் இல்ல, போன காது திரும்ப வராது.

குடும்பம் பக்கமும் தெளிவா பேசிடுங்க. அடையாறு, அரக்கோணம், உச்சிப்புளி, திருநெல்வேலி பக்கம் கட்டபொம்மன்னு தமிழ்நாட்டுல நேவி ஸ்டேஷன் இருக்குன்னு, எப்படியும் சொந்த ஊர்ப் பக்கம் போஸ்டிங் வாங்கிடலாம்னு பொண்ணு வீட்டுல சொல்லிடுறாங்க. கப்பலும் டாக்யார்டும் மும்பை, விசாகப்பட்டினம், கார்வார், கொச்சின்னு இருக்கும்போது இன்ஜினியரிங் ஆபிசர் வாழ்க்கையில பெரும்பகுதி அங்க தான் ஓடும்.

கடைசியா சம்பளமும் எதிர்காலமும். ஆரம்ப பேசிக் 56,100, மேல மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, இருபத்தஞ்சு வயசுல கைநிறைய வரும், உடனே கார் லோன் போட்டுடுவாங்க. ஷார்ட் சர்வீஸ்ல வந்தவங்களுக்கு 10 வருஷம், நீட்டிச்சா 14, ஆபிசர் பென்ஷனுக்கு 20 வருஷ சர்வீஸ் வேணும், அதனால வெளிய வரும்போது பென்ஷன் இருக்காது. முப்பத்தஞ்சு வயசுல வெளிய வந்து நின்னுட்டு அப்புறம் யோசிக்கிறது தான் பெரிய தப்பு. நேவில இன்ஜின் ஓட்டினதால மெர்ச்சன்ட் நேவி சர்டிபிகேட் தானா கைக்கு வந்துடாது, அதுக்கும் டிஜி ஷிப்பிங் எக்ஸாம் எழுதித்தான் ஆகணும், சீ டைம் ரெக்கார்டு கேப்பாங்க. அதனால ஒவ்வொரு கப்பல்லயும் எந்த இன்ஜின், எத்தனை மாசம் கடல்ல இருந்தீங்கன்னு கப்பலை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கி பைல்ல போட்டுடுங்க, பத்து வருஷம் கழிச்சு அந்தக் கப்பல் ஸ்கிராப்புக்கே போயிருக்கும். வெளி வேலைக்குத் தயார் பண்ற ரீசெட்டில்மென்ட் கோர்ஸ், ஐஐஎம்ல நடக்கிறது உட்பட, சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணணும், சீட் கம்மி, கடைசி நேரத்துல போய் நின்னா கிடைக்காது.